இமைக்குக் கீழே

ரெமிகியோவின் கண்ணீர் அன்று உப்புக் கரிக்கவில்லை. உதட்டுக்கு வழிந்ததை நக்கிப் பார்த்தான்; சதுப்புத் தண்ணீரின் துவர்ப்பு. கைக்குட்டையிலும் பழுப்புக் கறை.

தென்கோடித் தீவூரான பொர்வெனீரின் காற்றில் யாருக்கும் கண் கலங்கும்தான். இவனுக்கோ மனைவி நோல்ஃபா காணாமல்போன நாளிலிருந்து இடது கண் ஓயாமல் ஒழுகியது. நீலிக்கண்ணீருக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது. அண்டை வீட்டார் ரொட்டி கொடுத்தனுப்பினார்கள், போலீஸ்காரர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆடு அறுக்கிற கத்தியால் அவளை அறுத்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்த கறுத்த சதுப்பில் அமுக்கியது அவனுக்கு மட்டுமே தெரியும்.

கண் மருத்துவர் இமையைத் தொட்டுப் பார்த்தார்.

"கீழிமை தொங்கிப்போச்சு. உள்ளேருந்து எதோ இழுக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் வெட்டி இறுக்கித் தைச்சா தண்ணி நின்னுடும். வியாழக்கிழமை வந்துடுங்க."

நோல்ஃபாவின் அக்கா தெல்மிரா கேள்விப்பட்டு வந்து, மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"வெட்டிக்கோ தம்பி. ஊரே உன் கண்ணைப் பாத்துத்தான் உன்னை நம்புது. அது காஞ்சப்புறம் உன் மூஞ்சில என்ன மிஞ்சுதுன்னு நான் பாக்கணும்."

"வெறும் காத்து, மதினி."

"காத்துன்னா ரெண்டு கண்ணுலயும்ல வரணும்?"

வெட்டினால் இவள் விடமாட்டாள். வெட்டாவிட்டால் கண்ணீரில் ஏறிவரும் இந்தச் சதுப்பு நாற்றம். அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பிற்பகல் கொட்டகையில் தனியாக நின்றான். தகரக் கூரையைக் காற்று பிறாண்ட, கொக்கிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்க, ஆட்டுக்கொழுப்பும் காய்ந்த ரத்தமும் கலந்த பழகிய வாடைக்கு அடியில் சதுப்பின் வாடை மெல்ல எழுந்தது. கதவைச் சாத்தினான். வாடை குறையவில்லை. அது அவன் முகத்திலிருந்துதான் வந்தது.

கண்ணில் ஏதோ உறுத்தியது. சுவர்க் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தான்.

ஒரு முடி. கறுப்பு முடி. பிடித்து இழுத்தான், வரவில்லை.

மருத்துவர் இதைப் பார்க்கக்கூடாது. வியாழக்கிழமை வரை காத்திருக்க முடியாது.

கத்தியை எடுத்தான். அதே கத்தி. இமையின் ஓரத்தில் வைத்து அறுத்தான். அலறினான். ரத்தம் கொட்டியது. பிறகு பழுப்புத் தண்ணீர். பிறகு முடி.

ஒரு சாண். ஒரு முழம். அதில் பின்னியிருந்த நீல நாடா. நோல்ஃபாவின் நாடா.

கையில் சுற்றினான். இழுத்தான். இன்னும் சுற்றினான்.

முடி விறைத்தது.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். முதலில் மெதுவாக.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கண்ணாடியில் அவனுடைய கையே அவன் முகத்தை நோக்கி வந்தது. அருகில். இன்னும் அருகில்.

முதல் விரல் கண்ணுக்குள் போனது.