பதினான்கு நாள் மௌனம்

காலை ஆறு மணிக்குச் சர்க்கரைச்சுவர் விழித்துக்கொண்டது. நீரிழிவு நலமையத்தின் முன்கூடத்தில் தரையிலிருந்து கூரை வரை நின்ற பெரிய திரை அது. பதிவேட்டில் இருந்த நானூற்றெண்பது பேருக்கும் அதில் ஆளுக்கொரு புள்ளி உண்டு. தோளுக்குக் கீழே சதையில் பதித்து, மேலே பட்டை ஒட்டியிருக்கும் உணர்தகடு, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்பும். அளவு சரியாக இருந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு, சமிக்ஞையே வராவிட்டால் சாம்பல்.

ஒருங்கிணைப்புச் செவிலி டெல்பின் மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பேசினாள். ஒருவர் காலை ஊசியை மறந்திருந்தார். இன்னொருவர் கல்யாண வீட்டில் இரண்டு லட்டு சாப்பிட்டதை மூன்றாவது கேள்வியில் ஒப்புக்கொண்டார். ஏழரை மணிக்குள் சுவர் ஏறக்குறைய முழுப்பச்சை ஆகிவிட்டது. மேல்மூலையில், பதிவேட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் பச்சை என்று காட்டும் மையத்தின் செயல்திறன் மதிப்பெண் ஒளிர்ந்தது: 94. கடலோர மாவட்டங்களில் அதற்கு இணையாக வேறு மையம் கிடையாது.

அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமைதோறும் வரும் கேள்வி அன்றும் திரையின் அடியில் வந்து நின்றது.

'பதினான்கு நாள் சமிக்ஞை இல்லாதவர்கள்: 4. பதிவேட்டிலிருந்து விடுவிக்கலாமா?'

டெல்பின் 'ஆம்' என்பதைத் தொட்டாள். நான்கு சாம்பல் புள்ளிகள் அணைந்தன. விலகிப் போகிறவர்களைத் துரத்திக்கொண்டிருந்தால் இருப்பவர்களைக் கவனிக்க முடியாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக இதைச் செய்துவந்ததில் அவளுக்கு அது பல் துலக்குவதைப் போல ஆகியிருந்தது.

மையத்தின் தலைவர் டாக்டர் கோமதிநாயகம் எட்டு மணிக்கே வந்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. பத்து மணிக்கு மாநில ஆய்வுக் குழு வருகிறது. இந்த மையம் முன்மாதிரியாக அறிவிக்கப்படும். இங்கே நடைபெறும் முறையைக் கடலோரத்தின் மற்ற நாற்பது மையங்களும் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுக்கப் போகிறவள் டெல்பின்.

"ரெண்டு தடவ இந்த மையத்த இழுத்து மூடியிருக்காங்க டெல்பின்" என்றார் டாக்டர். "மதிப்பெண் அறுபதுக்குக் கீழ போனா மூன்றாவது தடவையும் மூடிருவாங்க. அதுலயிருந்து இங்க கொண்டாந்திருக்கோம். இன்னைக்கு ஒரு சிவப்புகூட வேண்டாம்."

"வராது சார்" என்றாள் அவள்.

எட்டே முக்காலுக்கு உப்பளத்து மின்வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. உப்பு மூட்டை ஏற்றும் வண்டி. அதன் தட்டில் சாக்கை விரித்து ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கூட வந்தவள் மையத்தின் கதவைத் தட்டவில்லை, உதைத்தாள்.

"கதவத் தொறங்க! ஆளு செத்துக்கிட்டு கெடக்கா!"

டெல்பின் உள்ளிருந்து கதவைத் திறந்தாள். பதிவேட்டில் இருப்பவர்களின் தகடு அருகே வந்தால்தான் அந்தக் கதவு வெளியிலிருந்து தானாகத் திறக்கும்.

"நான் ஜான்சி, வடக்கு அளத்துல பாத்தி மேஸ்திரி. இவ முத்துப்பேச்சி. நேத்துலருந்து வாந்தி. இப்ப கூப்புட்டா ஏன்னு கேக்கவே மாட்டேங்கா."

முத்துப்பேச்சியின் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இரைத்தது. அருகில் குனிந்ததும் அழுகிய பழம் போன்ற வாடை டெல்பினின் மூக்கில் ஏறியது. இன்சுலின் இல்லாமல் உடம்பு தன்னையே எரித்துக்கொள்ளும்போது வரும் வாடை. பாடப் புத்தகத்தில் படித்திருந்தாள். இந்தப் பச்சைச் சுவரின் முன்னால் இருந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நுகர்ந்ததில்லை.

விரலில் குத்திப் பழைய கையடக்கக் கருவியில் வைத்தாள். எண் வரவில்லை. 'அளவுக்கு மேல்' என்று மட்டும் வந்தது.

"ஊசி போடலையா இவங்க?"

"எதப் போட? போன திங்கக்கெழமலருந்து அளத்துல வச்சிருக்க ஒங்க மருந்துப் பெட்டி இவளுக்குத் தொறக்கல. மிச்சம் இருந்தத நாலு நாள் போட்டா. இங்க வந்து நின்னா, பதிவு முடிஞ்சிட்டு, மாவட்ட மையத்துக்குப் போன்னு கதவு பேசிச்சு. அம்பது கிலோமீட்டர். பாலம் வேற பாதி நாளு தண்ணிக்குள்ள கெடக்கு."

போன திங்கட்கிழமை. ஆறு பேர் அணைந்த நாள். டெல்பினின் விரல் தானாக மடங்கியது.

"தகடு வேல செய்யலைன்னா சொல்லியிருக்கலாமே?"

ஜான்சி அவளை உற்றுப் பார்த்தாள். "நாள் முழுக்க உப்புத் தண்ணிக்குள்ள நிக்கோம். மேல ஒட்டுற பட்டைய உப்பு அரிச்சிருது. மூணு நாள்ல அது செத்துரும். எங்க அளத்துல யாரு கையிலதான் வேல செய்யுது?"

முத்துப்பேச்சியைச் சாக்கோடு முன்கூடத்தில் கிடத்தி, டெல்பின் நரம்பில் ஊசி ஏற்றி உப்புநீர்ப் பையைத் தொங்கவிட்டாள். டாக்டர் ஓடிவந்து நாடியைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் நிலையத்திலிருந்து பதில் கிடைத்தது. கடலின் ஏற்றநீர் வடிந்து பாலம் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்.

"அதுவரைக்கும் தாங்காது" என்றார் டாக்டர், தனக்குத்தானே சொல்வது போல.

இன்சுலின் நான்கடி தூரத்தில் ஊசிப்பெட்டகத்துக்குள் இருந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே பெட்டகம் மருந்து தரும், அவருக்குரிய அளவு மட்டும். டெல்பின் முத்துப்பேச்சியின் எண்ணைத் திரையில் தட்டி மறுபதிவு கேட்டாள். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியது.

புதிய நோயாளி என்று சொன்னால் சரிபார்ப்புக்கு ஆறு மணி நேரம். தானே விலகித் திரும்பியவர் என்றால் இரண்டு நாள். மூன்றாவது வழி, கருவிக் கோளாறு. அதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டகம் உடனே திறக்கும். கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: 'இதே பணியிடத்தில் சமிக்ஞை இழந்து விடுவிக்கப்பட்ட அனைவரும் மீண்டும் பதிவேட்டில் சேர்க்கப்படுவர். எண்ணிக்கை: 312.'

டெல்பின் அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வாரத்துக்கு மூன்று, நான்கு, ஆறு என்று அவள் அணைத்தவர்கள்.

டாக்டர் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். மனக்கணக்கு அவருக்கு உடனே வந்துவிட்டது. "ஐம்பத்தேழு" என்றார். "ஐம்பத்தேழுக்கு இறங்கிரும் டெல்பின். மூடிருவாங்க. அந்த நானூற்றெண்பது பேரும் பாலத்தத் தாண்டி அம்பது கிலோமீட்டர் போகணும். எத்தன பேரு போவாங்க?"

"இவங்க போகல சார்."

"ஆய்வுக் குழுவே பத்து மணிக்கு வருது. அவங்ககிட்ட சிறப்பு அனுமதி கேப்போம். ஒரு மணி நேரம்."

முத்துப்பேச்சியின் கண்ணிமை பாதி திறந்து கிடந்தது. ஜான்சி அவளுடைய காலில் இருந்த உப்பைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், அதைச் செய்தால் ஏதாவது ஆகும் என்பது போல.

டெல்பின் மூன்றாவதைத் தொட்டாள்.

பெட்டகம் திறந்தது. டாக்டர் குப்பியை எடுத்து, அளந்து, தானே ஊசி போட்டார். அவர்களுக்குப் பின்னால் சுவர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. பச்சைக்கு நடுவே சாம்பல் புள்ளிகள் முளைத்தன. பத்து, ஐம்பது, நூறு. வடக்கு மூலை முழுவதும் சாம்பல் ஆனது. மேலே 94 அணைந்து 57 எரிந்தது.

குழு கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. தலைமை ஆய்வர் மகிழினி உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தார். பிறகு தரையில் சாக்கின்மேல் கிடந்த பெண்ணையும், தொங்கிய பையையும் பார்த்தார்.

"கிளம்பும்போது தொண்ணூற்று நாலுன்னு காட்டுச்சே?"

டாக்டர் கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னக் கருவிக் கோளாறு மேடம். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணி..."

"சின்னக் கோளாறு இல்ல மேடம்" என்றாள் டெல்பின். முத்துப்பேச்சியின் மணிக்கட்டை அவள் விடவில்லை. "இந்தச் சாம்பல் புள்ளி எல்லாமே எங்க நோயாளிங்க. தகடு உப்புல செத்துப்போச்சு. பதினாலு நாள் சத்தம் வரலைன்னு பதிவேட்டுலயிருந்து எடுத்துட்டோம். கஷ்டப்படுறவங்கள எடுத்துட்டா மிச்சம் இருக்கறவங்க பச்சையாத்தான் தெரிவாங்க. எங்க மதிப்பெண் அப்படி வந்ததுதான். பொத்தானத் தொட்டது நான்."

மகிழினி சுவரின் வடக்கு மூலைக்கு அருகே போய் நின்றார்.

"பதினான்கு நாள் விதி எங்க துறை போட்டது" என்றார் மகிழினி மெதுவாக. "மத்த நாற்பது மையத்திலும் இதே கேள்வி இன்னைக்கு வந்திருக்கும்." பிறகு சாம்பல் புள்ளிகளைக் காட்டிக் கேட்டார். "இதுல எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியவில்லை.

மகிழினி வெளியே போய் நின்று வெகுநேரம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. நாற்பது மையங்களிலும் நீக்கத்தை நிறுத்திவைத்தாகிவிட்டது. முன்மாதிரி அறிவிப்பு கிடையாது. மூடும் விதியைத் தளர்த்தத் தனக்கு அதிகாரமில்லை என்றார். விதிப்படி அறுபது நாளுக்குள் மதிப்பெண் அறுபதைத் தொட வேண்டும்.

"மூணு செவிலியர வச்சுக்கிட்டு முந்நூறு பேர எங்க போய்த் தேடுறது?" என்றார் டாக்டர்.

ஜான்சி தலையை நிமிர்த்தினாள். "நீங்க எதுக்குத் தேடணும்? எங்க ஆளுவ எங்கங்க இருக்காவன்னு எங்களுக்குத் தெரியும்லா. பேரு இருக்க தாளக் குடுங்க."

பத்தரை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது முத்துப்பேச்சி தன் பெயரைச் சொன்னாள். யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் விடியற்காலையில், வேலை தொடங்கும் முன், வடக்கு அளத்தின் கொட்டகையில் பதினோரு பெண்கள் கூடினார்கள். விரலில் குத்துவது, கருவியில் எண் பார்ப்பது, எந்த எண்ணுக்கு உடனே ஓடிவர வேண்டும், காலில் புண் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் டெல்பின் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் டாக்டர் கோமதிநாயகம் பழைய சோதனைத்தாள்கள் நிறைந்த இரண்டு பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு பாத்தி வரப்பில் நடந்து வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. யாரையும் பார்க்காமல் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, "கால் பரிசோதன நான் சொல்லித்தாரேன்" என்றார்.

பட்டைக்கு மேல் மெழுகுத்துணி சுற்றினால் உப்பு ஏறுவதில்லை என்று கண்டுபிடித்தது அளத்துப் பெண்கள்தான். துணி தாங்காதவர்களின் எண்களைக் கையால் பதிய மகிழினி சிறப்பு ஆணை வாங்கி அனுப்பினார். இரண்டு பேருக்குக் கால்விரலை எடுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பார்வை போயிருந்தது. முத்துப்பேச்சி ஒன்பதாம் நாள் வீடு திரும்பி, பதினைந்தாம் நாள் பன்னிரண்டாவது ஆளாகக் கொட்டகைக்கு வந்தாள்.

அறுபதாம் நாள் மதிப்பெண் 61. மையம் மூடப்படவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றெண்பத்தைந்து பேர் கிடைத்தார்கள். இருபத்தேழு பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் மருந்தில்லாமல் இறந்தார்கள் என்று சொல்வதற்கு எந்தப் பதிவும் இல்லை. அந்த வீடுகளுக்குத் தானே போவதாக டெல்பின் சொல்லியிருந்தாள். இருபத்தாறு வீடுகளுக்குப் போய்விட்டாள். கடைசி வீட்டைத் தள்ளிக்கொண்டே வந்தவள், அன்று மாலை ஜான்சியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சூசைமணி வாசலில் நின்று கேட்டான். அவனுடைய மனைவி பிரகாசி இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"எந்தத் தேதில அவ பேர எடுத்திய?"

டெல்பின் தேதியைச் சொன்னாள்.

அவன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். "அதுக்கப்புறம் நாப்பது நாள் இருந்தா. பெட்டி தொறக்கலைன்னதும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சிட்டா. மருந்த ஒழுங்காப் போடாததுனால வெளிய தள்ளிட்டாவன்னு. சோத்த விட்டா. கருப்பட்டிக் காப்பிய விட்டா. கடைசில தண்ணி மட்டுந்தான். நல்லபடியா இருந்து காட்டுனா திரும்பச் சேத்துக்கிடுவாவன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா."

"நான்தான் எடுத்தேன்" என்றாள் டெல்பின்.

"ஜான்சி சொன்னா." அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீங்க உள்ள வர வேண்டாம். ஆனா எம் மவளுக்குப் பாத்துருங்க. அவளும் இப்பத் தண்ணி தண்ணின்னு குடிக்கா."

ரெனிட்டாவுக்குப் பத்தொன்பது வயது. வாசல் படிக்கு உள்பக்கம் நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினாள். டெல்பின் படிக்குக் கீழே மண்டியிட்டு விரலைத் துடைத்துக் குத்தினாள். கருவி எண் காட்டச் சில நொடிகள் எடுத்துக்கொண்டது. எல்லைக்குக் கொஞ்சம் மேலே. இப்போதே கவனித்தால் போதும்.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் டெல்பின். "திங்கக்கெழம வந்து மறுபடி பாக்குறேன்."

"வரலைன்னா?" என்று சூசைமணி கேட்டான்.

ஜான்சி இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். முழங்காலில் வைத்து ரெனிட்டாவின் பெயரையும் எண்ணையும் பேனாவால் எழுதினாள்.

"இவிய வரலைன்னா நான் வருவேன். நான் வரலைன்னா முத்துப்பேச்சி வருவா" என்றாள்.

சூசைமணி அந்தத் தாளை வாங்கி மகளின் பெயரைப் படித்தான். டெல்பினின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"அழிச்சிராத" என்று ஜான்சியிடம் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.