நகல் துடிப்பு

திருமூர்த்தி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவர் மார்புக்குள் இருந்த துடிப்பி அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியது. 'இந்தக் கருவியின் உரிமம் இம்மாத இறுதியோடு முடிகிறது. புதுப்பிக்கத் தயாரிப்பாளரை அணுகவும்.'

அணுகுவதற்குத் தயாரிப்பாளர் இல்லை. அந்த நிறுவனம் சென்ற ஆண்டே மூடப்பட்டுவிட்டது. சூலூருக்கு அப்பால் இருந்த அதன் கட்டடத்தில் இப்போது கோழித்தீவன மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அவர் கைப்பேசியைத் துண்டுக்கு அடியில் வைத்தார். மனைவி குமுதா அதற்குள் பார்த்துவிட்டாள்.

"எப்பங்க முடியுது?"

"மாசக் கடைசி."

"ஆஸ்பத்திரில மாத்திக்கலாம்னாங்களே?"

"பேரு எழுதி வெச்சிருக்கேன். ஆடி தாண்டித்தான் கூப்பிடுவாங்களாம்."

உரிமம் முடிந்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதைக் குமுதா பார்த்திருந்தாள். நெஞ்சுக்காய்ச்சல் பரவி ஓய்ந்தபின் கோயம்புத்தூரில் தெருவுக்குப் பல பேர் துடிப்பியோடுதான் நடமாடினார்கள். காய்ச்சல் இதயத் தசையைத் தளர்த்திவிட்டுப் போயிருந்தது. இதயத்துக்குள் அரிசிமணி அளவில் ஒரு முனை. காறையெலும்புக்குக் கீழே அதன் தாய்ப்பகுதி. முனை இதயத்தைக் கேட்டுச் சொல்லும், தாய்ப்பகுதி அடுத்த துடிப்பைத் தீர்மானிக்கும். இரண்டும் கம்பியில்லாமல் மெல்லிய வானலையில் பேசிக்கொள்ளும். உரிமம் முடிந்தால் தாய்ப்பகுதி காப்புநிலைக்குப் போய்விடும். அதன்பின் ஒரே மந்தமான துடிப்புதான். படுத்திருக்கலாம், மாடி ஏற முடியாது. பின் தெருவில் தையற்கடை வைத்திருந்தவர் குளிக்கும்போது சொம்போடு கையைத் தூக்கியவர்தான். கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

அன்று மத்தியானமே அவள் தம்பி தரணியை வரச்சொன்னாள். அவன் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தான்.

"தேதி ஒரு கோப்புலதாங்க்கா இருக்கு," என்றான் தரணி. "துடிப்பியப் படிக்கற ஏந்தின்னு ஒரு கருவி இருக்கு, அத மாமா நெஞ்சு மேல வெச்சா அந்தக் கோப்பு கணினிக்கு வந்துரும். மாத்தித் திருப்பி எழுதலாம்."

"எதுல மாத்துறது?"

"பதினறுமத் திருத்தியில."

கணினிக்கு மட்டுமே புரியும் இருமக் கோப்பைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் அது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டிரண்டு குறிகளாக வரிசையில் நிறுத்தும். பத்து எண்கள், ஆறு எழுத்துகள், ஆகப் பதினாறு குறிகள்தாம் அதன் மொழி. ஒரு குறியை மாற்றினால் கோப்பு மாறும். கோப்பு மாறினால் அதை நம்பி ஓடும் கருவி மாறும். மருத்துவமனைகள் வைத்திருந்த திருத்திகளைத் தனியாருக்கு விற்பதில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பவை ஏராளம்.

குமுதா குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தவள். எந்தக் குப்பியையும் முகர்ந்து பார்க்காமல் திறக்க மாட்டாள். தரணி இறக்கி வைத்திருந்த நான்கு திருத்திகளையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள்.

"இது கண்ணாடி. எத்தன பெரிய கோப்பையும் பட்டுனு தொறக்கும். ஆனா பாக்க மட்டுந்தான், மாத்த முடியாது. இது உளி. கருவிக்குள்ளயே நேரா எழுதும், நகல் எடுக்காது. கை தவறுனா தவறுனதுதான்."

"அது வேண்டாம். அடுத்தது?"

"சாவி. இதுலதான் எல்லா வசதியும். தேதிய மாத்துனா மட்டும் பத்தாதுக்கா. பக்கத்துல ஒரு சரிபார்ப்பெண் இருக்கு. பைட்டுகள எல்லாம் கூட்டி ஒரு கணக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. அது ஒத்து வரலீன்னா, எவனோ கை வெச்சுட்டான்னு கருவி அப்பவே பூட்டிக்கும். அந்தக் கணக்க சாவி போட்டுத் தரும்."

"அப்ப அதே போதுமே."

"வலையில இணைஞ்சிருந்தாத்தான் வேல செய்யும். கோப்ப எங்கியோ அனுப்பி, போட்டு வாங்குது. எங்கன்னு எழுதல."

குமுதா உள்ளறையைப் பார்த்தாள். திருமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"மாமா நெஞ்ச முகந்தெரியாதவன் கையில குடுக்கறதா?" என்றாள்.

மிச்சம் இருந்தது இணைநோக்கி. அது மூலக்கோப்பைத் தொடாது, நகலில்தான் வேலை செய்யும். தவறாக எழுதியதைத் திரும்பப் பெறலாம். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வேறுபடும் பைட்டுகளைச் சிவப்பில் காட்டும். ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து மற்றதில் ஒட்டவும் செய்யும். சரிபார்ப்பெண் மட்டும் போடத் தெரியாது.

"கணக்கு ஏற்கனவே சரியா இருக்கற துண்டு ஒண்ணு கெடச்சா ஒட்டிரலாம்," என்றான் தரணி. "ஆயுள் உரிமம் வாங்குனவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தார். அதே குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தனியாக வசித்த சௌந்தரநாயகி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் படியிறங்கி வந்து, சோபாவில் சாய்ந்து ஏந்தியைத் தானே மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"நல்லா எடுத்துக்கோ தம்பி. காப்பி எடுத்தா என் நெஞ்சு கொறஞ்சா போயிடும்?"

இரண்டு கோப்புகளும் திரையில் நின்றன. கீழே எல்லாம் ஒன்றுபோல் இருந்தது. மேலே ஒரு துண்டு மட்டும் சிவந்திருந்தது.

"இது தேதி. இது சரிபார்ப்பெண்," என்று தரணி விரலை ஓட்டினான்.

"அந்தக் கடைசி எட்டு பைட்டு?"

"தேதியோட சேந்ததா இருக்கும். முழுசா எடுத்தாத்தாங்க்கா கணக்கு ஒத்து வரும்."

ஒட்டினார்கள். ஏந்தியைத் திருமூர்த்தியின் மார்பில் வைத்தார்கள். எழுதும் நேரத்தில் துடிப்பி சில துடிப்புகளை விட்டுவிடும் என்று தரணி முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் கணவரின் முகம் மண்நிறமாவதைப் பார்த்தபோது குமுதா அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். அவர் வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. திரையில் ஒரு கோடு மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. பிறகு அவர் கிணற்றிலிருந்து ஏறி வந்தவர் போல மூச்சை இழுத்தார். கைப்பேசியில் 'உரிமம்: ஆயுள்' என்று வந்தது.

திருமூர்த்தி அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாளே சௌந்தரநாயகிக்குப் பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் வந்தார். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். "எனக்கும் அடுத்த மாசத்தோட முடியுது, அம்மிணி. எனக்கும் அந்தத் துண்ட ஒட்டி உடுங்க." அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொருவருக்காகச் செய்துகொடுத்தாள் குமுதா. தரணி அந்தத் துண்டையும் இணைநோக்கியையும் செய்முறையையும் சேர்த்து வலையில் வைத்தான். எல்லாமே இலவசம். சேலம், மதுரை, திருச்சி என்று பெயர் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் நன்றி எழுதினார்கள். இறக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் போய்விட்டார்கள் என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

ஒரு காலை, திருமூர்த்தி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் தட்டை நகர்த்தினார். மூச்சு வாங்கியது. மணிக்கட்டு நாடிக்காட்டியில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க பண்ணுது?"

"தெரியல. ஓடுற மாதிரி இருக்கு."

வெளியே படிக்கட்டில் யாரோ கனத்த காலடியோடு ஏறும் சத்தம் கேட்டது. மின்தூக்கி பழுது. பொங்கியண்ணன் ஒரு மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் வாசலைக் கடந்து மேலே போனார். அவர் போன சற்று நேரத்தில் திருமூர்த்தியின் எண் இறங்கியது. குமுதா இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி பற்றிய சங்கக் கூட்டத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. யாரோ ஒருவர் பொங்கியண்ணனிடம் மரியாதையில்லாமல் பேச, அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அதே கணம் கூடத்தில் அங்கங்கே இருந்த ஐந்து பேர் மார்பைப் பிடித்தார்கள். வாக்குவாதத்தைக் கவனிக்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்த சௌந்தரநாயகியும் அதில் ஒருவர். குமுதா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லா நாடிக்காட்டியிலும் ஒரே எண். ஒன்றில் ஏறினால் எல்லாவற்றிலும் ஏறியது.

தரணி வேறு இருவரின் பழைய கோப்புகளை வாங்கி இணைநோக்கியில் நிறுத்திப் பார்த்தான்.

"அந்தக் கடைசி எட்டு பைட்டு தேதி இல்லக்கா. முனையும் தாய்ப்பகுதியும் ஒண்ண ஒண்ணு கண்டுக்கற அடையாள எண். ஆளாளுக்கு வேற வேற."

"நாம எல்லாருக்கும் ஒண்ணையே ஒட்டிட்டோம்."

"ஆமாம். இப்ப பக்கத்துல யாரு முனை பேசுனாலும், மாமாவோட கருவி அதத் தன்னோட இதயம்னு நெனைக்குது. பல முனை பேசுனா எல்லாம் சேந்து ஒரே தாளத்துக்கு வந்துருது."

"பழசயே திருப்பி எழுதீரு."

"பழசுக்குத் தேதி முடிஞ்சுபோச்சே. உடனே பூட்டிக்கும். எண்ண மட்டும் மாத்தணும்னா புதுசாக் கணக்குப் போடணும். அது சாவிக்குத்தான் தெரியும்."

அன்று அவர்கள் சாவியைத் திறந்தார்கள். 'இச்சேவை நிறுத்தப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் வந்தது. குமுதா அந்த வரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான்கில் எது ஆபத்தில்லாதது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி உழவர் சந்தைக்குப் போயிருந்தபோது மேல் மாடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. குமுதா ஏறி ஓடினாள். அலறியது பொங்கியண்ணனின் மனைவி. பொங்கியண்ணன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தார், மடியில் செய்தித்தாள்.

"பேப்பர் படிச்சுட்டிருந்தாருங்க. யாரோ கூப்பிட்ட மாதிரி நிமுந்து பாத்தாரு. அவ்வளவுதாங்க."

குமுதா அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. ஆட்கள் வந்து திறந்தபோது சௌந்தரநாயகி சமையலறையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்திருந்தது. சௌந்தரநாயகியின் நின்றுபோன இதயத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பொங்கியண்ணனின் துடிப்பி தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருந்தது.

அவள் திருமூர்த்தியை அழைத்தாள்.

"வீட்டுக்கு வராதீங்க. கூட்டத்த விட்டு வெளிய போய் நில்லுங்க."

"ஏம்புள்ள, என்னாச்சு?"

சொன்னாள்.

"இங்க யாருக்கு அந்த எண் இருக்குதுன்னு எப்படித் தெரியும், குமுதா? என்னைச் சுத்தி நூறு பேரு நிக்கறாங்க," என்றார் அவர்.

தரணி வலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டான். அதற்குள் அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போயிருந்தது. எச்சரிக்கை எழுதினான். எண் உள்ளவர்கள் ஒருவரையொருவர் நெருங்க வேண்டாம் என்று எழுதினான். ஆனால் நெற்றியிலா எழுதியிருக்கிறது? ஈரோட்டில் ஒரு பேருந்தில் ஓட்டுநரும் பின்னிருக்கைப் பயணிகள் சிலரும் ஒரே நேரத்தில் மயங்கினார்கள் என்று செய்தி வந்தது. மருத்துவமனைக் கூடங்களில் கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் சட்டையை விலக்கித் தழும்பைப் பார்த்தார்கள்.

துடிப்பியை மாற்ற மருத்துவமனையிலிருந்து அழைப்பு இன்னும் வரவில்லை. உடுமலைக்கு அப்பால் மலையடிவாரத்தில் குமுதாவின் சித்தப்பாவுக்கு ஒரு மானாவாரி மேட்டுக்காடும், காவலுக்கு ஓர் ஓட்டுவீடும் இருந்தன. சுற்றிலும் ஆள் கிடையாது. அவள் வேலையை விட்டுவிட்டு, ஒரு வாடகை வண்டியில் திருமூர்த்தியைத் தனியாகப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். துடிப்பி இல்லையே என்று ஓட்டுநரிடம் மூன்று முறை கேட்ட பிறகுதான் ஏறினார்கள்.

அங்கே போனபின் எண் சரியாக இருந்தது. நடந்தால் ஏறியது, உட்கார்ந்தால் இறங்கியது. அது அவருடைய சொந்த இதயம்தான் என்று நம்ப அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. மெல்லச் சிரிக்கவும் தொடங்கினார்.

ஒரு பிற்பகலில் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நான் உக்காந்துதான இருக்கேன், குமுதா," என்றார்.

நாடிக்காட்டியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து சரிவைப் பார்த்தாள். சுவர் ஏதுமற்ற வெட்டவெளியில் அந்த வானலை எவ்வளவு தூரம் போகும் என்று தரணிகூடச் சொன்னதில்லை. கீழே பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் முதுகில் மூட்டையோடு வேகவேகமாக ஏறி வந்துகொண்டிருந்தான்.

"உள்ள போய்ப் படுங்க," என்று சொல்லிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள். கையை உயர்த்தி, "ஏறாதீங்க, அங்கயே உக்காருங்க," என்றாள். அவன் மிரண்டு நின்றான். முப்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தான் திறந்திருந்த இடத்தில் தழும்பு தெரிந்தது.

"விரட்டாதீங்க்கா. ஊருக்குள்ள இருக்க முடியலீங்க. மலைப்பக்கம் ஆருமே இருக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்." அவன் கண்கள் அவளைத் தாண்டி மேலே ஓட்டுவீட்டைத் தேடின. "வேற யாராச்சும் இருக்காங்களா? என்ர மாதிரி?"

அவனைப் போகச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பயப்படுவான். உண்மையைச் சொன்னால் இன்னும் பயப்படுவான். அவனை ஒரு கல்லில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களுக்கு அடியில் நாடி படபடத்தது.

"இல்லீங்க, நான் மட்டுந்தான்," என்றாள் முடிந்தவரை மெதுவாக. "பயப்படாதீங்க. மூச்ச மெல்ல விடுங்க."

அவன் நம்பினான். நாடி தணியத் தொடங்கியது. மேலே வீட்டுக்குள்ளும் தணிந்துகொண்டிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அப்போது கீழே மண்சாலையில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்து, பாத்திரங்களும் படுக்கையுமாகச் சிலர் இறங்கி மலையை நிமிர்ந்து பார்த்தார்கள். அதன் பின்னால் தூசியைக் கிளப்பிக்கொண்டு இன்னொரு வண்டி வந்தது.

பிடித்திருந்த கையில் நாடி மறுபடி ஏறியது. அந்த ஆள் சாலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தான். அவன் இன்னும் எதையும் பார்க்கவில்லை.