விட்ட இடத்திலிருந்து

நேற்றைய கனவு எங்கே நின்றதோ, அங்கேயே இன்றைய கனவு தொடங்கியிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு, கண் திறந்ததும் உடம்பை அசைக்காமல், தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை இழுத்து எழுதிக்கொண்டிருந்த தேவகிக்கு, பாதிப் பக்கம் தாண்டிய பிறகுதான் அது உறைத்தது. தாமல் ஏரிக்கரையில் முதுகைக் காட்டி நின்ற ஒருத்தி நேற்று கரையை விட்டு இறங்கினாள். இன்று சாலையில் பின்பக்கமாகவே நடந்து ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

கனவு நோட்டு, டாக்டர் அனு சொன்ன யோசனை. மூன்று மாதமாக தேவகி தினமும் அலறிக்கொண்டு எழுந்தாள்; எதைக் கண்டு என்று கேட்டால் தெரியாது. எழுந்ததும் பார்த்ததையும் கேட்டதையும் எழுதச் சொன்னார். எது பயமுறுத்துகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும் என்றார். அலறல் இரண்டே வாரத்தில் நின்றும் போனது. தேவகி அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

ஆனால் அவர் சொல்லாத ஒன்றையும் தேவகி செய்தாள். வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைப்பது அவள் தொழில். தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நுனியைத் தொங்கவிட்டு எழுந்துபோக அவள் கை ஒப்பாது. அதே பழக்கத்தில், நேற்றைய கடைசி வரியை இன்றைய பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஒவ்வொரு கனவும் தனித்தனிம்மா. நேத்து எழுதினதை எதுக்குத் திரும்ப எழுதறீங்க?"

"அப்பதான் டாக்டர், அறுந்து போவாது."

சொன்ன வார்த்தை அவளுக்கே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பரணில் போட்டாள். நான்கு நாள் கனவே இல்லை. ஐந்தாம் நாள் காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே ஏழு வயது மகள் கீர்த்தி சொன்னாள்.

"அந்த அக்கா நம்ம தெருவுக்கு வந்துட்டாங்கமா."

"எந்த அக்கா?"

"முதுகக் காட்டிக்கினே நடப்பாங்களே, ஈரத் துணியோட. நீயும்தான் அங்க நின்னுக்கினு இருந்த. உனக்குத் தெரியலையா?"

தேவகி பரணிலிருந்து நோட்டை எடுத்தாள். குழந்தையிடமிருந்து அந்தக் கனவைப் பிடுங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை. கீர்த்தி சொன்னதைத் தலைவரியாக எழுதிப் படுத்தாள். அன்றிலிருந்து கனவு மறுபடி அவளுக்கு வந்தது. முதல் நாள் வாசற்கேட்டின் கிறீச்சொலி. அடுத்த நாள் நடையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அதற்கடுத்த நாள் பாசி நாற்றம். விழித்து, முகம் கழுவி, பால் காய்ச்சிய பிறகும் அது மூக்கை விட்டுப் போகவில்லை. கணவன் லோகேஸ்வரனுக்கு ஒரகடத்தில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வந்தவன், "எலி எதனா செத்துக் கெடக்கும், பாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவள் எழுதிய கடைசி வரி: கீர்த்தியின் தலைமாட்டில் நிற்கிறாள். குனிகிறாள்.

பேனாவை மூடப்போனவள் நிறுத்தினாள். பிணைப்பது நான்தானே, நுனியை மாற்றினால் என்ன என்று தோன்றியது. அந்த வரியை அடித்தாள். கனவில் காணாத ஒன்றை முதன்முதலாக எழுதினாள்: வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது. கீர்த்திக்குத் தலை வாரும்போது பாட்டுக்கூட வந்தது.

சனிக்கிழமை கனவு அந்த வரியிலிருந்து தொடங்கியது. அவள் போய்க்கொண்டிருந்தாள். இப்போது நேராக நடந்தாள். அவள் கையைப் பிடித்தபடி, பச்சைப் பாவாடையில் கீர்த்தி. குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னால் ஏரி.

தேவகி விழித்தாள். ஜன்னலில் வெளிச்சம். தெருவில் பால்காரரின் வண்டி. பக்கத்தில் கீர்த்தி, பச்சைப் பாவாடையோடு, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கீர்த்தி. எழுந்திரும்மா."

எழவில்லை. உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். கீர்த்தியின் பாதங்கள் அசைந்தன. இடது. வலது. இடது. உள்ளங்காலில் சேறு.

பாவாடையின் ஓரம் நனைந்தது. துடைத்தாள். முழங்கால் நனைந்தது.

தூங்க வேண்டும். தூங்கினால் பிடித்துவிடலாம். குழந்தையை இறுக்கி அணைத்துக் கண்களை மூடினாள். தூக்கம் வரவில்லை. இடுப்பு. தூக்கம் வரவில்லை. மார்பு.

ஈரம் கழுத்துக்கு ஏறியபோது, கீர்த்தி முகவாயை மேலே தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.