பதினொரு தலைகளும் ஒரு நீல மீனும்

“கேப்டன் எப்போது வருவார்?” என்று பாஸ்கர் அங்கிள் மூன்றாவது முறையாக ஆங்கிலத்தில் கேட்டார்.

படகின் மேல்தட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்த முகம். முழங்கால்வரை காற்சட்டை. அவர் நிமிர்ந்து பார்த்து, “வந்தாயிற்று,” என்றார்.

“எங்கே?”

“இங்கே.”

தன்னைத் தொட்டுக் காட்டிவிட்டு அவர் மறுபடியும் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

பாஸ்கர் அங்கிள் நான்கு பேருக்குச் சேர்த்துப் பேசுகிறவர். இப்போது அவர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய மனைவி விமலா அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கமலினி சிரிக்கவில்லை. அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின்மேல் அச்சடித்ததுபோல உட்கார்ந்தது. ஒருவர் இவ்வளவு அழகாகக் கயிறு சுருட்ட முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. இவ்வளவு குறைவாகப் பேசும் பெரியவர் ஒருவரையும் அவள் பார்த்ததே இல்லை.

கமலினிக்குப் பத்து வயது. அவளும் அதிகம் பேசமாட்டாள். கோபமோ பயமோ ஒன்றும் கிடையாது. ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அதை மனத்துக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

அது 1979ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சிட்னியின் மேற்குப் புறநகரான செவன் ஹில்ஸிலும் பக்கத்திலும் இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, சிட்னித் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பதினொரு பேர். மேன்லிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடாவுக்குப் போய், முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் மூச்சுக்குழாய் வைத்து, நீருக்குள் இருக்கும் மீன்களைப் பார்ப்பது என்று திட்டம். அதற்காகவே மூன்று மாதமாக எல்லாரும் பிளாக்டவுன் குளத்தில் நீந்தப் பழகியிருந்தார்கள்.

கமலினிக்கு எல்லா மீன்களும் வேண்டாம். ஒரே ஒரு மீன் போதும்.

அதை அவள் நூலகப் புத்தகம் ஒன்றில் பார்த்திருந்தாள். நீலக் குரோப்பர் என்று பெயர். உடம்பு முழுவதும் நீலம். அவள் உயரத்துக்கு வளரக்கூடியது. மனிதரைக் கண்டால் ஓடாது. வந்திருப்பது யார் என்று கிட்ட வந்து பார்க்கும். அந்தப் பக்கத்தை அவள் எத்தனை முறை திறந்தாளோ, புத்தகம் இப்போது தானாகவே அந்த இடத்தில் திறந்துகொள்ளும்.

மீன் விஷயத்தில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் வகுப்பு மிஸ், “கமலினி, விடுமுறையில் நம்முடைய தங்கமீன்களை நீ பார்த்துக்கொள்கிறாயா?” என்று கேட்டார். கமலினிக்கு ஆசையில் வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டினாள். மிஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். “பரவாயில்லை. கட்டாயம் இல்லை,” என்று சொல்லி, மீன்தொட்டியைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

ஏன் அப்படிச் செய்தார்? கமலினி அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விடை கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

படகு புறப்பட்டது. கேப்டனின் பெயர் நோரா. அவர் கட்டளை எதுவும் போடவில்லை. ஒரு கயிற்றை இழுத்தார். வெள்ளைப் பாய் சடசடவென்று மேலே ஏறியது. இன்னொன்றைக் கொஞ்சம் தளர்த்தினார். படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. காற்று எங்கிருந்து வருகிறது என்று அவர் கழுத்தாலேயே தெரிந்துகொள்வதுபோல இருந்தது. பெரிய பாலம் பின்னால் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கமலினி நோராவின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குடாவில் நங்கூரம் இறங்கியது. தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோல இருந்தது. நோரா ஒரு பெட்டியைத் திறந்து கண்ணாடிகளையும் மூச்சுக்குழாய்களையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு தன் கண்ணாடிக்குள் துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் அலம்பினார்.

“ஐயையோ! எச்சில்!” என்றார் விமலா அன்ரி.

“அப்பதான் கண்ணாடியில ஆவி படியாதாம்,” என்றார் பாஸ்கர் அங்கிள். “துப்பு, துப்பு. வெட்கப்படாதே.”

“நீங்க முதல்ல அந்தப் பக்கம் திரும்புங்க.”

கொஞ்ச நேரத்தில் பதினொரு பேரும் ஆளுக்கொரு மூலையில் திரும்பி நின்று மரியாதையாகத் துப்பினார்கள். கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கடித்துக்கொண்டு, தவளைக்கூட்டம்போல வரிசையாக வந்து நின்றார்கள்.

நோரா அவர்களுக்கு முன்னால் நின்றார்.

“நீரில் இறங்க விருப்பமா என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். விருப்பம் என்று சொல்பவர் மட்டும் இறங்கலாம். மனமில்லாத யாரையும் நான் கடலில் இறக்குவதில்லை.”

முதலில் கமலினியின் அப்பா சிறிதரனைக் கேட்டார். அப்பாவின் வாயில் குழாய். அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். வலது காது வலது தோளுக்கு, இடது காது இடது தோளுக்கு. அடுத்தது அம்மா. வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அம்மாவும் அப்படியே ஆட்டினார். பாஸ்கர் அங்கிள் மூன்று முறை ஆட்டினார். விமலா அன்ரி ஆட்டிய வேகத்தில் கண்ணாடியே நழுவியது. கடைசியில் கமலினி. அவளும் ஆட்டினாள்.

நோரா வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் குரல் இதமாகத்தான் இருந்தது.

“பரவாயில்லை. கட்டாயம் இல்லை.”

எல்லாரிடமிருந்தும் கண்ணாடிகளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். “சாப்பிட வேறொரு நல்ல இடம் இருக்கிறது. அங்கே போகலாம்.” நங்கூரத்தைத் தூக்கப் படகின் முன்பக்கம் போய்விட்டார்.

பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கடல் சரியில்லைப் போல,” என்றார் அப்பா. “அவவுக்குத்தானே தெரியும்.”

“ஏங்க, ஒரு வார்த்தை கேளுங்களேன்,” என்றார் விமலா அன்ரி. “மூணு மாசம் அந்தக் குளத்துத் தண்ணியக் குடிச்சதெல்லாம் வீணா?”

“நான் கேட்கமாட்டேன்மா. காலையில ஒரு தடவை வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டது போதும்.”

கமலினி அசையாமல் நின்றாள். பரவாயில்லை. கட்டாயம் இல்லை. அதே சொற்கள். முகமும் அதேதான். மிஸ்ஸின் முகமும் அன்றைக்கு இப்படித்தான் இருந்தது.

அவள் மெல்லத் தலையை ஆட்டிப் பார்த்தாள். காது தோளுக்கு, காது தோளுக்கு. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஆம் என்று சொல்லும்போது தலை எப்படிப் போகும்? மேலே, கீழே. அவர்களுடைய தலை பக்கவாட்டில் போனால்?

இல்லை என்று அர்த்தம்!

முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலி கடகடவென்று மேலே வந்துகொண்டிருந்தது.

“அப்பா...”

“பொறு பிள்ளை. பிறகு கதைப்பம்.”

பிறகு என்றால் குடா இருக்காது. நீல மீன் இருக்காது. இதை மனத்துக்குள் வைத்துத் திருப்பிப் பார்க்க நேரமே இல்லை. கமலினி முன்பக்கத்துக்கு ஓடினாள்.

“நாங்கள் எல்லாரும் விருப்பம் என்றுதான் சொன்னோம்!”

நோரா சங்கிலியைப் பிடித்தபடி திரும்பினார். “யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?”

“தலையால் சொன்னோம். இது எங்களுக்கு ஆம்.” கமலினி தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள். “இதுதான் இல்லை.” முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினாள்.

நோரா இரண்டையும் உற்றுப் பார்த்தார். “முதலாவதை இன்னொரு தடவை காட்டு.”

காட்டினாள்.

“பதினொரு பேரும் ஆம் என்றா சொன்னீர்கள்?”

“பதினொரு பேரும்.”

நோரா சங்கிலியைக் கையிலிருந்து விட்டார். நங்கூரம் மறுபடியும் தொபுக்கென்று விழுந்தது.

“ஆனால் ஒரு சிக்கல்,” என்றார். “நீங்கள் நீரில் இருக்கும்போது, நலமா என்று நான் படகிலிருந்து கேட்பேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். யாருக்கு ஆபத்து, யாருக்கு நலம் என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே நாங்கள் இப்படிக் காட்டுவோம்.”

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் கையை உயர்த்தினார். “இது நலம்.” பிறகு கையை விரித்துத் தலைக்குமேல் ஆட்டினார். “இது உதவி வேண்டும். அவசரத்தில் இவர்களுக்கு இது நினைவு வருமா? பழகிய தலை அல்லவா முதலில் ஆடும்?”

கமலினி அந்த வளையத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்! அவள் எல்லாரிடமும் திரும்பி ஓடினாள்.

“விமலா அன்ரியின்ட கத்தரிக்காய்க் குழம்பு நல்லா இருந்தால் என்னெண்டு காட்டுவீங்கள்?”

இப்போது ஏன் குழம்பு என்று யாரும் கேட்கவில்லை. வாய்க்கு முன்னால் கைகள் தானாக எழுந்தன. விரல்கள் வளையமாகச் சேர்ந்தன. பத்து வளையங்கள்.

“உப்புக் கூடிப்போனால்?”

பாஸ்கர் அங்கிள் கையை விரித்து ஆட்டினார். “வேண்டவே வேண்டாம்!”

“என்னைக்குங்க என் குழம்புல உப்பு கூடுச்சு?” என்றார் விமலா அன்ரி.

தலையாட்டலை நோரா ‘இல்லை’ என்று புரிந்துகொண்டதைக் கமலினி சுருக்கமாகச் சொன்னாள். பிறகு இப்படிச் சொன்னாள்: “கடலுக்குள்ள தலையை ஆட்டாதேங்கோ. எல்லாம் சரியெண்டால் குழம்பு நல்லாயிருக்கு. உதவி வேணுமெண்டால் உப்பு. கையை மேல தூக்கிக் காட்டுங்கோ.”

முதலில் அம்மா சிரிக்கத் தொடங்கினார். அது ஒவ்வொருவராக எல்லாரையும் பிடித்துக்கொண்டது. நோரா பெட்டியை மறுபடியும் திறந்தார். எல்லாரையும் இரண்டு சைகைகளையும் மூன்று முறை செய்யவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏணியை இறக்கினார்.

கமலினி நீருக்குள் முகத்தை வைத்தாள்.

சத்தம் எல்லாம் நின்றுபோயிற்று. தன் மூச்சு குழாய்க்குள் போய்வரும் ஓசை மட்டும்தான் கேட்டது. கீழே பழுப்புக் கடற்பாசிகள் ஒன்றாக இந்தப் பக்கம் சாய்ந்து, ஒன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. வெயில் மணலில் வலை வலையாக நெளிந்தது. கோடு போட்ட சின்ன மீன்கள் அவளைக் கவனிக்காமல் தங்கள் வேலையைப் பார்த்தன. இங்கே யாரும் யாரையும் பேசச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மௌனம் ஒன்று, இத்தனை நாளாகச் சிட்னியின் ஓரத்திலேயே இருந்திருக்கிறது!

மேலே திடீரென்று தண்ணீர் தடதடத்தது. கமலினி தலையைத் தூக்கினாள்.

பாஸ்கர் அங்கிள் கையை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தார். “உப்பு! உப்பு!” என்று இருமினார். நோரா வீசிய மிதவை வளையம் கணக்காக அவர் பக்கத்தில் வந்து விழுந்தது. அங்கிள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“என்ன ஆச்சுங்க?” என்று விமலா அன்ரி பதறினார்.

“குழாய்க்குள்ள தண்ணி போயிடுச்சு. நிஜமாவே உப்பு!”

மூச்சு சீரானதும் அவர் நோராவைப் பார்த்து விரலை வளையமாக்கிக் காட்டினார். நோராவும் வளையம் காட்டினார்.

கமலினி மறுபடியும் முகத்தை நீருக்குள் வைத்தாள். வைத்தவள் அப்படியே அசையாமல் மிதந்தாள்.

அது வந்திருந்தது.

புத்தகத்தில் இருந்த நீலம் ஒரு நீலமே இல்லை. இது மை, மயில்கழுத்து, மாலை வானம் எல்லாம் சேர்ந்த நீலம். தடித்த உதடு. பொறுமையான சின்னக் கண். நீல மீன் ஒரு பாறையின் பின்னாலிருந்து மெல்ல வந்து, அவள் கையெட்டும் தூரத்தில் நின்றது. கமலினி கையை நீட்டவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

மீன் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. பிறகு திரும்பி, மற்றக் கண்ணால் பார்த்தது. மறுபடியும் இந்தக் கண். மறுபடியும் அந்தக் கண். அதன் பெரிய நீலத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல ஆடியது.

‘ஓம், விருப்பம்’ என்கிறது என்று கமலினி நினைத்துக்கொண்டாள். அவளுடைய தலையும் தானாக ஆடியது. கடலுக்குள் தலையை ஆட்டவேண்டாம் என்று சொன்னவளே அவள்தான்.

மதியம் படகிலேயே சாப்பாடு. நோரா கத்தரிக்காய்க் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு கையை உயர்த்தி, விரல்களை வளையமாகச் சேர்த்தார். விமலா அன்ரி தலைகால் புரியாமல் அவருக்கு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார்.

திரும்பும் வழியில் கமலினி நோராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலம் முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் மிஸ்ஸிடம் தலை விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று கமலினி நினைத்துக்கொண்டாள். ஈஸ்டர் விடுமுறையிலும் தங்கமீன்களுக்கு ஒரு வீடு வேண்டுமே.

“நீல நிழல் ஒன்று உன் பக்கம் போனதைப் பார்த்தேன். கிட்ட வந்ததா?” என்று நோரா கேட்டார்.

கமலினி தலையை ஆட்டினாள். நோரா புன்னகையோடு கயிற்றைக் கொஞ்சம் இறுக்கினார்.

படகுத்துறையில் எல்லாரும் கூடைகளையும் ஈரத்துணிகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

“அடுத்த ஜனவரியிலும் வருகிறீர்களா?” என்று படகிலிருந்து கேட்டார் நோரா.

பதினொரு தலைகளும் ஒன்றாக ஆடின. இந்தத் தோளுக்கு, அந்தத் தோளுக்கு.

பாஸ்கர் அங்கிள் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நோரா காதிலிருந்த பென்சிலை எடுத்து, தன் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கமலினி எட்டிப் பார்த்தாள்.

‘ஜனவரி. பதினொரு பேர். குழம்போடு வருகிறார்கள்.’