குளவிக்கு எந்த ஊர்?

ஸ்டெபனிக்கு லிப்ட் என்றாலே எரிச்சல். ஏழாம் மாடி சிவபாதம் அங்கிள் அதில் நின்றால் போதும், யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

“நீர் ஆரின்ரை பிள்ளை?”

“அருள்நாயகத்தின்ரை மகள், அங்கிள். பாசையூர்.”

“ஓ, அப்பிடியே?”

இந்தக் கிழமையில் மட்டும் இது ஐந்தாவது தடவை. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதர் இத்தனை தடவை மறப்பாரா?

வீட்டுக்குள் வந்தால் அதைவிட மோசம். றீற்றா சித்தி காலையில் இருந்த அதே கதிரையில், அதே கணினிக்கு முன்னால் இருந்தார். பூச்சிகளை ஆராய்வதுதான் சித்தியின் வேலை. ஆஸ்திரேலியாவிலிருந்து பதினெட்டுக் குளவிகளின் படங்கள் வந்திருந்தன. அவற்றில் எத்தனை இனம் என்று இன்றே சொல்லியாக வேண்டும். அது முடிந்தால்தான் நீச்சல் குளம். போன சனியும் இப்படித்தான் வீணாய்ப் போனது, அதற்கு முந்திய சனியும்.

“சித்தி, நாலு மணிக்குப் பூட்டிப்போடுவினம்.”

“பொறும் பிள்ளை. செட்டையிலை இருக்கிற கோடுகளை எண்ணுறன். எல்லாத்துக்கும் ஒரேமாதிரிக் கிடக்கு.”

ஸ்டெபனி எட்டிப் பார்த்தாள். பதினெட்டுக்கும் கண்ணாடி போன்ற சிறகு, கறுப்பு உடம்பு, மஞ்சள் கால். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“உதுகளையும் ஆரின்ரை பிள்ளை, எந்த ஊர் எண்டு கேளுங்கோவன்.”

சித்தி சிரித்தார். “உதுகளின்ரை தாய் ஒரு புழுவுக்குள்ளை முட்டையிட்டிட்டுப் பறந்திடும். குஞ்சுகள் அந்தப் புழுவைத் திண்டுதான் வளரும்.”

“அப்ப அந்தப் புழுதான் ஊர். எது எந்தப் புழுவிலை இருந்து வந்ததெண்டு எழுதி அனுப்பேல்லையோ?”

“அனுப்பினவை. கடைசியாப் பாப்பமெண்டு வைச்சிட்டன்.”

ஸ்டெபனி தலையில் கை வைத்தாள். “கடைசியாவோ? சிவபாதம் அங்கிள் முதல் கேள்வியே அதுதான் கேப்பார்.”

அவளே பட்டியலைப் பார்த்துப் படங்களைப் பிரித்தாள். இலை சுருட்டும் புழுவிலிருந்து வந்தவை ஒரு பக்கம். தண்டு துளைக்கும் புழுவிலிருந்து வந்தவை மறுபக்கம்.

“சித்தி, இந்தப் பக்கத்து ஆக்கள் எல்லாருக்கும் முழங்காலிலை கறுப்புப் புள்ளி.”

மறுபக்கத்தில் ஒன்றுக்கும் இல்லை. சித்தி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ரெண்டு இனம். நான் ரெண்டு நாளாய்ச் செட்டையையே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்” என்று முனகியபடி பதிலை அனுப்பினார்.

மூன்று பத்துக்கு நீச்சல் உடையும் துவாயுமாக லிப்டில் ஏறினார்கள். உள்ளே சிவபாதம் அங்கிள்.

“நீர் ஆரின்ரை பிள்ளை?”

“அருள்நாயகத்தின்ரை மகள், பாசையூர்” என்ற ஸ்டெபனி, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “நீங்கள் ஆரின்ரை பிள்ளை, அங்கிள்?”

அவரிடம் யாரும் அப்படிக் கேட்டு எத்தனை வருடமோ, முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

“நான் நயினாதீவு. சின்னத்தம்பி வாத்தியாற்றை கடைசி மகன்.”

லிப்ட் கீழே வந்த பிறகும் கதவைப் பிடித்தபடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டே நின்றார். குளம் பூட்ட இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அதில் ஐந்து நிமிடத்தை ஸ்டெபனி அவருக்குக் கொடுத்தாள்.