பக்கத்து வீட்டுக்காரர்

லீவா நான்குவரைதான் எண்ணினாள்.

மோர்க்கஞ்சி ஆறும்வரை எமரென்ஸ் தன் கையை விரித்து மகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு வந்து, மோதிரவிரலோடு நிறுத்திவிட்டது.

"இது?" சுண்டுவிரலை ஆட்டிக் காட்டினாள் எமரென்ஸ்.

"அது கூடுதல்."

"யாரு சொன்னா?"

"அவருக்கு இல்லையே."

"எவருக்கு?"

குழந்தை கஞ்சிக்காக வாயைத் திறந்து காட்டியது.

எமரென்ஸின் சந்தேகம் நேராகக் கணவன் கமீல்மேல் போனது. மாட்டுத்தொழுவத்திலிருந்து அடுப்பங்கரைக்கு வரும் நடைவழியில், வளைவு திரும்பும்போது அவன் கை தானாக உயரும், நெஞ்சுயரத்தில் சுவரைத் தொடும், உதடு அசையும். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புப் பூச்சு கறுத்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. கொஞ்ச நாளாக லீவாவும் அங்கே போய் எம்பி நிற்கிறாள்.

முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பியபோது, பெல்ஜியத்தின் டிக்ஸ்மைட பக்கம் முழுச்சுவர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செங்கல் கிடைக்காததால் எல்லோரும் போர் விட்டுப்போனதை எடுத்துக்கொண்டார்கள்: பதுங்குகுழித் தகரம் கூரையானது, முள்கம்பி நட்ட இரும்புக் கழிகள் வேலியாயின. கமீல் ஒரு படி மேலே போனான். ஈஸர் ஆற்றங்கரையில் இரண்டடி தோண்டினாலே நீர் ஊறிவிடும். அதனால் இங்கே பதுங்குகுழி என்பது தோண்டியது அல்ல, எழுப்பியது. மண்மூட்டைகளைச் செங்கல்போலவே அடுக்குவார்கள்: ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்கே, கட்டிய வாய் உள்பக்கம் இருந்தால்தான் குண்டு பட்டு அவிழாது. கடைசி வருடங்களில் மண்ணுக்குப் பதில் சிமெண்டையே மூட்டையில் நிரப்பினார்கள். மழை பட்டு அது கல்லாக இறுகியது. அப்படி ஒரு சுவர் இவர்கள் நிலத்தில் நின்றது. கமீல் அதற்குச் சுண்ணாம்பு பூசி, எதிரே இன்னொரு சுவர் எழுப்பி, கூரை போட்டு, நடையாக்கிவிட்டான். பதுங்குகுழி எதுவும் நேராகப் போகாது. ஓரிடத்தில் விழும் குண்டு அடுத்த வளைவைத் தாண்டிக் கொல்லக் கூடாது. ஆகவே இந்த நடையும் வளைந்தது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது.

கட்டும்போது எமரென்ஸுக்கு அது சிக்கனமாகத்தான் பட்டது.

அன்று போர் நின்றதன் ஆண்டு நினைவு நாள். நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைக்கப் போக, கமீலின் போர்க்காலத் தோழன் ஓதில் வந்தான். இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுவே முதல்முறை. தொழுவத்து வாசல் வழியாக நுழைந்தான். எமரென்ஸ் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தாள். வளைவில் அவன் நடை தளர்ந்தது. கை உயர்ந்தது. அதே இடம்.

"என்னடா கமீல், பழைய வீட்டையே வளைச்சுப் போட்டுட்டியா!" என்று சிரித்தபடி உட்கார்ந்தான் ஓதில்.

சிக்கரி காபியை ஊற்றியபடி எமரென்ஸ் கேட்டாள். "அந்தச் சுவருல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றான் கமீல்.

"இவங்ககிட்ட நீ சொல்லவே இல்லியா? அங்க மூட்டைக்கு நடுவுல ஒரு கை நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. யாருதோ. இழுத்தா சுவர் சரிஞ்சிடும்னு விட்டுட்டோம். முன்காவலுக்குப் போறவன் அதைப் பிடிச்சுக் குலுக்கி, 'என்ன பக்கத்து வீட்டுக்காரரே, சுகமா?'ன்னு கேட்டுட்டுத்தான் போவான். கேக்காமப் போனவன் திரும்ப மாட்டான்னு பேச்சு. இடது கை. மோதிரம்கூட இருந்துச்சு."

"வலது கைடா."

"போடா, எனக்குத் தெரியாதா?"

"வலதுதான். மோதிரமெல்லாம் இல்ல. சுண்டுவிரலே கிடையாது."

எமரென்ஸின் கையில் கெண்டி நின்றது.

"உங்க ஆளுங்கள்ல யாருக்குச் சுண்டுவிரல் இல்ல?" என்று கேட்டாள்.

ஓதிலின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "ரெமிக்கு. கசாப்புக்கடைக்காரன், கத்தி பட்டுப் போயிருச்சு. முன்காவலுக்குப் போனவன் வரவே இல்ல. அதே வாரம் நான் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்." கமீலைப் பார்த்தான். "அவன் இடத்துக்குத்தானே உன்னை அங்க அனுப்புனாங்க? நாம சேர்ந்தது அதுக்கப்புறம் வேற இடத்துல."

எமரென்ஸ் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"சுவரை இடி, கமீல்."

"கடப்பாரை போட்டுப் பாத்துட்டுத்தான் பூசினேன், எமரென்ஸ். உள்ள யாரும் இல்ல. எலும்புகூட இல்ல. கை போற அளவு ஓட்டை, அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் தினமும் கை நீட்டுறே?"

"நீட்டாம விட்டா?"

தேவாலய மணி அடித்தது. இருவரும் வளையத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாளைக்கு இடிப்பதாக வாசலில் நின்று சொன்னான் கமீல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எமரென்ஸ் அடுப்பங்கரைப் பக்கத்து நடைக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். மகளைத் தன் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வேலை செய்தாள். நான்கு மணிக்கெல்லாம் மூடுபனி வயலிலிருந்து எழுந்து சன்னல்களை அடைத்தது. பால் கட்டிய மாடுகள் கத்தத் தொடங்கின. வேறு வழியில்லை. குழந்தையைப் பொம்மையோடு மேசையடியில் உட்காரவைத்துவிட்டு, முற்றத்தைச் சுற்றித் தொழுவத்துக்குப் போனாள். வாளியில் பால் விழும் சத்தம், மாட்டின் மூச்சு, ஈர வைக்கோலின் வெதுவெதுப்பு. எல்லாம் வழக்கம்போல. பிறகு மாடுகள் ஒன்றுபோல அசைபோடுவதை நிறுத்தின.

நடையிலிருந்து குரல் வந்தது.

"விடுங்க. அம்மா தேடுவாங்க."

மகளின் மரியாதையான, பொறுமையான குரல்.

வாளி உருண்டது. ஓடினாள். ஈரக் களிமண் நாற்றம். பிணங்கள்மேல் தூவிய சுண்ணாம்பின் காரம். அடுப்பங்கரை முக்காலி சுவரோரம் நின்றது. தாழ்ப்பாளைத் திறக்க லீவா ஏறியதும் அதில்தான். இப்போது இங்கே ஏறியிருந்தாள்.

லீவாவின் கை முழங்கைவரை சுவருக்குள் இருந்தது.

பூச்சில் விரிசல் இல்லை. ஓட்டை இல்லை. எமரென்ஸ் இழுத்தாள். அதுவும் இழுத்தது. தோள்வரை. குழந்தையின் கன்னம் சுவரில் பதிந்தது.

"அம்மா, குளிருது."

எமரென்ஸ் தன் கையையும் சுவரில் திணித்தாள். சேறுபோல வழிவிட்டது. தடவினாள். மகளின் விரல்கள். அவற்றைச் சுற்றி வேறு விரல்கள். நான்கு.

ஒரு கையால் ஒரு கையைத்தான் பிடிக்க முடியும். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இவளை விடு. இந்தா."

பிடி தளர்ந்தது. அவள் கைக்கு மாறியது. லீவா முக்காலியிலிருந்து விழுந்து, அழுதுகொண்டே அடுப்பங்கரைக்கு ஓடினாள். எமரென்ஸுக்கு அந்த அழுகை கேட்டது. போதும்.

பிறகு சுவரிலிருந்து இறங்கிய கனமான பூட்ஸ் கால்கள் ஈரத்தைச் சொட்டியபடி தொழுவத்தின் பக்கம் நடந்து போயின. அவசரமில்லாத நடை. எங்கோ வீடு திரும்பும் ஆளின் நடை.

நடை இருண்டது. எல்லாப் பக்கமும் இருண்டது. முகத்தில் சாக்கின் சொரசொரப்பு. வாயில் மண். சுவருக்கு வெளியே நீண்டிருந்த வலது கையில் மட்டும் காற்று பட்டது.

வெகுநேரம் கழித்துப் பாட்டுச் சத்தம். ஆண்கள். போதை. ஒரு கை அவள் கையைப் பற்றியது. கமீலின் சூடான, காய்த்த கை.

"என்ன பக்கத்து வீட்டுக்காரரே, சுகமா?"

அவன் கட்டைவிரல் அவள் விரல்கள்மேல் ஊர்ந்து, சுண்டுவிரலில் நின்றது. ஆனால் வருடக்கணக்காக அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை, இப்போதும் பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டு விரைந்தான்.

பின்னால் வந்த ஓதில் இருட்டில் தடவினான்.

"டேய், இங்க எப்படா கொக்கி மாட்டுனே?" என்று சிரித்து, மழையில் நனைந்த தன் தொப்பியை அவள் விரல்களில் மாட்டிவிட்டுப் போனான்.