மருந்தறைக்கு நால்வர்

பாண்டிலட்சுமி பின்புறச் சிறுகூடத்தில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள் என்று முன்வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்த முதியவர் அய்யாதுரை சொல்லியிருந்தார். ஆனால் கூடத்தை நெருங்கியபோது பெண்கள் பலர் சேர்ந்து சிரிக்கும் ஓசை கேட்டது. வாசலிலோ ஒரே ஒரு சோடிச் செருப்புத்தான் கிடந்தது.

பஞ்சம்மாள் தன் புதுச் செருப்பை அதனருகே கழற்றி, நுனிகள் பிசகாமல் இணைத்து வைத்தாள். திருத்தங்கலில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, கணவர்களை இழந்தபின் ஒருத்திக்கு ஒருத்தியாக இருந்தவர்கள் அவளும் பாண்டிலட்சுமியும். சாத்தூர் சாலையிலுள்ள இந்த முதியோர் குடியிருப்புக்குப் பாண்டிலட்சுமி வந்தபின் நாள்தோறும் வந்த தொலைபேசி அழைப்பு வெள்ளிக்கிழமைக்கென்று சுருங்கியது; ஆடியில் இருக்கன்குடி கோயிலுக்குச் சேர்ந்து போகும் வழக்கமும் நின்றது. "சேக்காளிக காத்திருக்காக" என்று சொல்லி அவள் பேச்சைத் துண்டித்த ஒவ்வொரு முறையும் பஞ்சம்மாளின் நெஞ்சில் ஒரு முள் சற்று ஆழமாக இறங்கிற்று. அந்தப் புதுத் தோழிகளைப் பார்க்கவே இன்று வந்திருந்தாள்.

பெண்கள் சிலர் மாண்ட வெடிவிபத்துக்குப் பின் மூடப்பட்ட ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் நிலம் அது. வெடிமருந்து அடைக்கும் மருந்தறைகளில் எஞ்சிநின்ற ஒன்றைப் பூசி, வெள்ளையடித்து, நாற்காலிகள் போட்டுக் கூடமாக்கியிருந்தார்கள். நான்கு சுவர்களிலும் வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள். சுண்ணாம்பின் ஈர மணத்துக்கு அடியில் மெல்லிய கந்தக நெடி.

மேசையைச் சுற்றி நால்வர். ஒருத்தி பாண்டிலட்சுமியின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அது பஞ்சம்மாள் செய்துவந்த வேலை. அந்தச் சீப்பிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. மற்ற மூவரின் கூந்தலில் ஒரு நரைகூட இல்லாததையும், நால்வரின் உள்ளங்கைகளும் வெள்ளி பூசியதுபோல் மின்னியதையும் பிறகுதான் கவனித்தாள்.

"வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்றாள் சீப்பு வைத்திருந்தவள்.

பாண்டிலட்சுமி திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது.

"எதுக்கு வந்தே பஞ்சு? பஸ்ஸு இருக்கையிலேயே போயிரு."

"இவுகளுக்குன்னா பொழுது இருக்கு, எனக்கு இல்லையாக்கும்."

"இந்த ரூமுக்கு நாலு பேருதான். அஞ்சாச்சுன்னா ஒருத்தி எந்திரிக்கணும்."

மருந்தறைக்கு நால்வர் என்பது பட்டாசுக் கம்பெனிகளின் விதி; அதைப் பஞ்சம்மாளும் அறிவாள். ஆனால் முதியோர் பொழுதுபோக்கும் கூடத்தில் அதைச் சொல்வது, தன்னைத் துரத்தும் சாக்கு என்றே அவளுக்குப் பட்டது.

"அப்ப நீ எந்திரி."

சீப்பு நின்றது. மூவரும் பஞ்சம்மாளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். பாண்டிலட்சுமி எழுந்தாள், எழவில்லை, நாற்காலியிலிருந்து உரிக்கப்பட்டாள். "வேண்டாம் தாயி" என்று அவள் முனகுவதற்குள் பஞ்சம்மாள் அமர்ந்துவிட்டாள்.

சீப்பு அவள் கூந்தலில் இறங்கியது. எத்தனை காலமாயிற்று, வேறொரு கை தன் தலையைத் தொட்டு. நெஞ்சிலிருந்த முள் நழுவி விழுந்தது. கண்களை மூடினாள்.

சீப்பின் பற்கள் சுட்டன.

முடி பொசுங்கும் நாற்றம். எழ முயன்றாள். கால்கள் அசையவில்லை.

வாசலில் பாண்டிலட்சுமி தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமான கைகள். அழுதாள். செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மேசைமீது இப்போது காகிதக் குழாய்கள். பஞ்சம்மாளின் விரல்கள் தாமாகவே அவற்றில் மருந்தை அடைக்கத் தொடங்கின. நகக்கண்களில் வெள்ளி. பிறகு உள்ளங்கையில்.

"வெரசா மதினி. சீசன் வந்துருச்சு, லோடு ஏத்தணும்."

அய்யாதுரை வாசலில் எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு சோடிப் புதுச் செருப்பு. உள்ளே ஒருத்தி.

"தனியாவா உக்காந்திருக்கீக?"

அவள் அலறுவதற்கு வாயைத் திறந்தாள். பெண்கள் பலர் சேர்ந்து சிரிக்கும் ஓசை வந்தது.